திருகோணமலையில் நாம் காணாதவை

கல்லூரிகள் ஆண்டுதோறும் நடாத்துங் கல்விச் சுற்றுலாக்களுள் திருகோணமலைக்குச் செல்வதையே மாணவர் பெரிதும் விரும்புவர். மலையுங் கடலும் ஒருங்கு தழுவி நிற்கும் அந்நகரை ஒருமுறை கண்டார் மீண்டுங் காண விழைதல் இயல்பே. எனினும், மாணவரை அங்கு பன்முறை அழைத்துச் சென்ற நாம், அந்நகரை அவர்க்குக் காட்டினோமா என்று எம்மையே வினவின், இல்லை என்றே விடையிறுக்க வேண்டியுள்ளது.

எமது சுற்றுலாவின் ஒழுங்கை யாவரும் அறிவர். காலையிற் பேருந்து கோட்டை வாயிலை அடையும். பிள்ளைகள் புள்ளிமான்களைப் பார்த்தவாறே மலையேறிக் கோணேசப் பெருமானை வணங்குவர். இது சம்பந்தரின் தேவாரம் பெற்ற தலமென்றும், பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனரென்றும், இன்றைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்ததென்றும் நாம் கூறுவோம். பின்னர் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடல், நிலாவெளிக் கரையில் மதிய உணவு, மாலையிற் புறப்பாடு. நகரத்துத் தெருவொன்றிலேனும் எவருங் கால் வைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு சென்றபோது, மாணவன் ஒருவன் அணியை விட்டு நீங்கித் திருக்கடலூர்ப் பக்கம் போய்விட்டான். தேடிக் களைத்த பின், ஈர மணல் படிந்த காலுடனும் கையில் இரண்டு மீனுடனும் வந்து நின்றான். கோயிலுக்கு வந்த இடத்தில் மீனா என்று எல்லார் முன்னிலையிலும் ஏசி, அவற்றை வீசச் செய்தோம். ஊர் திரும்பியபின் கட்டுரை எழுதுவித்தபோது, பெயரை மறைத்தால் எது எவருடையதென்று அறியவியலாவாறு அனைத்தும் ஒன்றுபோலவே இருந்தன, அவனுடையதும் அவ்வாறே. தனியே அழைத்து வினவியபோதுதான், அவன் மீனவரோடு நின்று கரைவலை இழுத்ததும், அவர்கள் பாடிய அம்பாவைக் கேட்டதும், பங்காக மீன் பெற்றதும் தெரியவந்தன. இதனை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். “அதுக்குத்தானே சேர் அண்டைக்கு ஏசினீங்கள்?” என்றான்.

அதே தவணையில், அம்பாப் பாடலை நாட்டார் பாடல் என்னுந் தலைப்பிற் பொருள் விரித்துப் படிப்பித்தவர் நாமே. சொல்லாமற் போனமைக்கு அவனைக் கண்டித்தது தகும். கடல் அருகிலுள்ள இடத்தில் ஆசிரியர் பொறுப்புச் சிறிதன்று. ஆனால், கண்டதையுங் கூறவொட்டாமல் அவன் வாயை அடைத்தது எமது பிழை.

அந்நகரிற் கற்பதற்கு எத்துணை உள! மோகனாங்கி என்னும் நாவலை 1895இல் வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளை அவ்வூரவர். விபுலாநந்த அடிகள் அங்குள்ள இந்துக் கல்லூரியிற் பணியாற்றியவர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளங்கொண்டிருந்த துறைமுகமும், 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய வரலாறும், சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் பாடநூலை உயிர்ப்பிப்பன. பெரியகுளத்தருகே உள்ள பௌத்த விகாரையிற் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள. இராஜராஜப் பெரும்பள்ளி என அது வழங்கப்பட்டது. கிண்ணியாவுக்கு 2009இற் பாலந் திறக்கப்படுமுன், ‘பாதை’யில் ஏறி நீர் கடந்தவர்கள் இன்றும் அக்கதைகளைச் சொல்வர். பத்திரகாளி கோயிலும், பள்ளிவாசலும், மாதா கோயிலும், விகாரையும் ஒரே நகரில் உள. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அங்கு வாழ்கின்றனர். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் மூவருங் கண்டனர்.

தம் ஊரில் ஓரினத்தாரோடு மட்டும் பழகி வளரும் எம் பிள்ளைகள், பிறரைச் செய்தித்தாளிலே மட்டும் அறிகின்றனர். அயலானைப் பகைவனாகவேனும் அந்நியனாகவேனும் எண்ணுதற்கு அதுவே போதும். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து தேநீர் அருந்தியவன் அவ்வீட்டாரைப் பற்றிய பொய்யை எளிதில் நம்பான்.

ஆதலின், சுற்றுலாவை இரண்டு நாளாக்குதல் வேண்டும். முதனாள் வழிபாடும் வரலாறும்; மறுநாள், ஆசிரியர் ஒருவருக்குப் பத்து மாணவராகப் பிரிந்து, மீனவர் துறைக்கும், சந்தைக்கும், கிண்ணியாவுக்குஞ் செல்லல். அவ்வூர்க் கல்லூரி மாணவரே வழிகாட்டிகளாகட்டும். செலவு மிகும் என்பர், உண்மையே. பேருந்துக் கட்டணமே கொடுக்கவியலாத பெற்றோரும் எம்மிடையே உளர். இவ்விடத்திலேதான் பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். நிறைவு விழா நிதியில் வளைவுங் கட்டுக, மண்டபமுங் கட்டுக. அதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் இப்பயணத்துக்கு ஒதுக்குக.

அம்மாணவன் இப்பொழுது கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். இம்மலர் அவன் கைக்குக் கிட்டுமாயின், அன்று எழுதாது விட்ட கட்டுரையை இனியேனும் எழுதி அனுப்புவானாக. திருத்துவதற்கன்று, படிப்பதற்கே கேட்கின்றோம்.