சிறுவரும் கால்பந்தும்

கால்பந்து ஆட்டத்தில் காண்போர் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது யாது? எதிரணியினர் பலரிடையே ஒருவன் பந்தைத் தன் காலைவிட்டு அகலாமல் உருட்டிக்கொண்டு, வலமும் இடமும் வளைந்து, அவர்களைக் கடந்து செல்லும் காட்சியே ஆகும். ஆட்டக்காரர் இதனை ‘டிரிப்ளிங்’ என்பர். 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கால்பந்துச் சங்கம் நிறுவப்பெற்று, ஆட்ட விதிகள் வகுக்கப்பெற்றன. தனக்கு முன்னே நிற்கும் தோழனுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தல் அந்நாளில் விதிக்கு மாறாகும். ஆதலின், பந்தை உருட்டிச் செல்லும் திறனே ஆட்டத்தின் உயிராய் இருந்தது. பின்னர் அவ்விதி மாறிற்று. ஆயினும் அத்திறனின் மதிப்புக் குறையவில்லை.

இத்திறனை ஏழெட்டு வயதுச் சிறுவர்க்குக் கற்பிப்பது எவ்வாறு? பலவிடத்தும் காணப்படும் முறை ஒன்று உண்டு. 20 சிறுவர் வரிசையாக நிறுத்தப்பெறுவர். நட்டு வைத்த கழிகளினூடே ஒருவன் பந்தை உருட்டிச் சென்று மீள்வான். ஏனையோர் காத்து நிற்பர். ஒருவனுக்கு அரை நிமிடம் என்று கொண்டால், 30 நிமிடத்தில் ஒவ்வொருவனுக்கும் 3 முறையே வாய்ப்புக் கிட்டும். அஃதாவது, அவன் கால் பந்தோடு பழகுவது ஒன்றரை நிமிடமே. எஞ்சிய நேரமெல்லாம் அவன் கற்பது நிற்கும் கலையே!

இம்முறை சிறுவர்க்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. ஆளுக்கொரு பந்து கொடுத்து, விளையாட்டின் வாயிலாகவே இத்திறனை வளர்த்தல் வேண்டும். அதற்குரிய ஆட்டங்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, ‘பச்சை, சிவப்பு’ ஆட்டம். ஆசிரியர் ‘பச்சை’ என்றால் அனைவரும் தத்தம் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவர். ‘சிவப்பு’ என்றால் உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து நிறுத்துவர். ஓங்கி உதைத்தவன் பந்து நெடுந்தொலைவு ஓடிவிடும். அவனால் நிறுத்த இயலாது. மெல்லத் தட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே அவன் கால் அறிந்துகொள்ளும்.

இரண்டாவது, முதலை ஆட்டம். களமே ஆறு, பந்தில்லாத சிறுவர் இருவர் முதலைகள். ஏனையோர் பந்தோடு அக்கரை சேர்தல் வேண்டும். பந்தையே பார்த்துக் குனிந்து செல்பவன் முதலையிடம் அகப்படுவான். ஆகவே, தலை நிமிர்ந்து எதிரே நோக்கவும், காலின் உட்புறத்தாலும் வெளிப்புறத்தாலும் பந்தைத் திருப்பவும் சிறுவர் தாமே பழகுவர்.

மூன்றாவது, வட்ட ஆட்டம். ஒரு வட்டத்துள் எல்லோரும் தத்தம் பந்தைக் காத்துக்கொண்டே, பிறர் பந்தை வெளியே தட்டிவிட முயல்வர். பந்துக்கும் எதிரிக்கும் இடையே தன் உடலை அரணாக்கும் உத்தி இதனால் கைவரும்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. பந்தை இழந்தவனை வெளியே உட்கார வைப்பது வழக்கம். முதலில் வெளியேறுபவன் யார்? திறன் குறைந்தவனே. மிகுந்த பயிற்சி வேண்டுபவனும் அவனே. நோயுற்றவனுக்கு மருந்தை மறுத்து, நலமுடையவனுக்கு அதனை வழங்குவது போன்றது இவ்வழக்கம். பந்தை இழந்தவன் வெளியே நின்று, உள்ளங்கால்களால் மாறிமாறிப் பந்தை 10 முறை தொட்டபின் மீண்டும் உள்ளே வரலாம் என்று விதி செய்க. ஆட்டமும் கெடாது, அவனும் உளந்தளரான்.

‘விளையாட்டாய்க் கற்பித்தால் ஒழுங்கு வாராதே’ என்பார் சிலர். ‘சிவப்பு’ என்ற சொல் கேட்டு உடனே நிற்பது ஒழுங்கு அன்றோ? வட்டத்தின் எல்லையை மதிப்பது ஒழுங்கு அன்றோ? கழிகளினூடே செய்யும் பயிற்சியை நான் முற்றும் விலக்கவில்லை. தம் குறையைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்ள விரும்பும் வளர்ந்த மாணவர்க்கு அது வேண்டுவதே. விருப்பம் தோன்றுமுன் அதனைச் சிறுவர்மேல் சுமத்துதல், விதை முளைக்குமுன் கொழுகொம்பு நடுவது போலாகும்.

‘ஆளுக்கொரு பந்து வாங்கப் பொருள் ஏது?’ என்பார் வேறு சிலர். பிரேசில் நாட்டுப் பெலே வறிய குடும்பத்தில் பிறந்தவர். கந்தலும் தாளும் திணித்த காலுறையே இளமையில் அவருக்குப் பந்தாயிற்று. அவரே 1958ஆம் ஆண்டில், தம் 17ஆம் வயதில், சுவீடனில் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். மேலும், பெரியோர் ஆடும் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ளது. சிறு கால்களுக்கு அது பொருந்தாது. சிறிய பந்தே அவர்க்கு நலம்.

மாணவர்களே! மாலையில் நீங்கள் ஆடும்போது, உங்கள் தம்பியரும் தங்கையரும் களத்தின் ஓரத்தில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வெளியே வரும் பந்தை எடுத்துத் தருவதே அவர்களுக்கு வாய்த்த ஆட்டம். நாள்தோறும் கால்மணி நேரமேனும் அவர்களைக் களத்துள் அழையுங்கள். முதலையாக நீங்கள் நில்லுங்கள். அவர்கள் ஆற்றைக் கடக்கட்டும். சில வேளைகளில் உங்களை ஏமாற்றிக் கடந்து செல்லவும் இடங்கொடுங்கள். அவ்வாறு ஒருமுறை கடந்தவன் மறுநாளும் பந்தைத் தேடி வருவான்.