எட்டுப் பொருள் தரும் 'உம்'

ஆங்கிலத்தில் 'அண்ட்' என்னும் இணைப்புச்சொல்லைப் பயிலும் நம் மாணவர், அதற்குத் தமிழில் 'மற்றும்' ஒன்றே நிகரெனக் கருதிவிடுகின்றனர். தொல்காப்பியரும் பவணந்தியாரும் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்தமையைத் தேர்வுக்காக மட்டுமே மனனம் செய்கின்றனர்.

அவ்விலக்கணத்தை நம் மரக்காணத்து உப்பளங்களில் பொருத்திப் பார்ப்போம். 'உப்பும் மீனும் இக்கரையின் செல்வம்' என்பது எண்ணும்மை. 'மனைவியும் உப்பு வாரினாள்' என்றால், கணவனும் வாரினான் என்பது சொல்லாமலே விளங்கும், இஃது எச்சம். 'பத்துப் பாத்தியும் கரைந்தன' என்பது முற்று. 'உச்சி வெயிலும் அஞ்சும் உழைப்பு' என்பது சிறப்பு. 'பத்து மூட்டையாயினும் எட்டு மூட்டையாயினும் தேறும்' என்பது ஐயம். 'மழை வருதற்கும் உரியது' என்பதில் வாராமையும் அடங்குதலின் எதிர்மறை. 'உப்பும் அன்று, மணலும் அன்று' என்பது தெரிநிலை. 'கூலியாள் குத்தகைதாரரும் ஆனார்' என்பது ஆக்கம். இவற்றுள் முதலாவதன் இடத்தில் மட்டுமே 'மற்றும்' நிற்கும். ஏனைய ஏழிற்கும் அது பயன்படாது.

இது வெறும் இலக்கண வழக்கன்று. 'தமிழரும் முஸ்லிம்களும்' என்று மேடையிலும் ஏட்டிலும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். எண்ணும்மை வேறுவேறானவற்றையே எண்ணும். ஆதலின், அத்தொடர் முஸ்லிம்களைத் தமிழுக்குப் புறத்தே நிறுத்திவிடுகின்றது. நம்மவருள்ளும் சிலர் அண்டை வீட்டு இந்துக்களைத் 'தமிழாளுங்க' என்று சுட்டித் தம்மைத் தாமே விலக்கிக்கொள்கின்றனர். மார்க்கம் வேறு, மொழி வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுதல் பொருந்தாது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழ்ப் புலவர், முஸ்லிமும் ஆவார். அவரை எந்தப் பக்கத்தில் எண்ணுவது?

'இந்துக்களும் முஸ்லிம்களும் தமிழரே' என்று கூறிப் பாருங்கள். அதே 'உம்', பிரித்த இடத்திலேயே சேர்த்தும் வைக்கின்றது. பள்ளிவாசல் அறிவிப்பாயினும், மணவிழா அழைப்பாயினும், மேடைப் பேச்சாயினும், இச்சிறு சொல்லை எங்கே இடுகின்றோம் என்று ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். ஒற்றை இடைச்சொல்லுக்கு ஒரு சமுதாயத்தை வெளியே நிறுத்தும் வலிமையும் உண்டு. உள்ளே அழைக்கும் வலிமையும் உண்டு.