டிரைவருக்கு ஒரு படுக்கை

வாடகைக் காரில் வால்பாறைக்குப் போகிறோம். நமக்கு அறை, கம்பளி, வெந்நீர் எல்லாம் கேட்டு வாங்குகிறோம். டிரைவர்? "அவர் காரிலேயே படுத்துக்கொள்வார், பழக்கம்தான்" என்கிறோம். யாருக்குப் பழக்கம் என்றுதான் நான் கேட்கிறேன்.

உட்கார்ந்தபடி கண்ணை மூடுவது உறக்கமாகிவிடாது. கனவு காணும் கட்டத்தில் தசைகள் தளர்கின்றன, கழுத்து சாய்கிறது, திடுக்கென்று விழிப்பு வருகிறது. இரவெல்லாம் இதே கதை. தொங்கிய கால்கள் வீங்குகின்றன. குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டாலோ, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு உயிரையே குடித்துவிடலாம்.

பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டம் பொறுப்பதோ 30 மில்லிகிராம். குடித்தவர் ஓட்டும் காரில் ஏறமாட்டோம். தூங்காதவரை நம்பி, குழந்தை குட்டிகளோடு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறோம்!

பேட்டா பேசும்போதே படுக்கையையும் பேசுங்கள். கட்டுப்படியாகாது என்பவர்கள் ஓர் இரவு அந்த முன் ஸீட்டில் படுத்துப் பார்க்கட்டும். காலையில் அவர்கள் காரை ஓட்டவேண்டாம். நேராக நடந்து காட்டினால் போதும்.