படம் எடுத்தலும் பார்த்தலும்

புதுநன்மை பெற வரிசையில் வரும் குழந்தை பீடத்தைப் பார்ப்பதில்லை. எந்தத் தூணருகே தந்தை கைப்பேசியுடன் நிற்கிறார் என்றே அதன் கண்கள் தேடுகின்றன. தந்தையும் குழந்தையைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையகலத் திரையில் அசையும் அதன் உருவத்தைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் யார்தாம் யாரைக் கண்டார்கள்?

திருப்பலியில் மக்கள் மட்டுமன்றிக் குருக்களும் ஆயர்களும்கூடக் கைப்பேசிகளை உயர்த்துவது தமக்கு வருத்தமளிக்கிறது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பரில் தமது புதன் மறைக்கல்வி உரையில் கடிந்துகொண்டார். இதயங்களை எழுப்பவே குருவானவர் அழைக்கிறார், கைப்பேசிகளை அன்று என்பது அவர் கருத்து. அதற்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை.

ஆனால் இதையே சாக்காக வைத்துக் கருவியைப் பழிப்போரும் நம்மிடையே உளர். புகைப்படம் எடுப்பதே வீண்பெருமை, செபத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்கிறார்கள். இவர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கெத்சமனி மடத்தில் 1941-இல் சேர்ந்த டிராப்பிஸ்ட் துறவி தாமஸ் மெர்ட்டனுக்கு, நண்பரான எழுத்தாளர் ஜான் ஹோவர்ட் கிரிஃபின் ஒரு கேமராவை இரவலாகக் கொடுத்தார். துறவி அதைக் கொண்டு எந்த விழாவைப் படமெடுத்தார்? மரவேர், காலி நாற்காலி, கூடையில் கிடந்த வேலைக் கையுறை, கொட்டகைச் சுவரின் பழம்பலகை. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பாராத பொருள்கள். கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவ அனுப்பிவிட்டு, வந்த பின்தான் தாம் கண்டது என்னவென்று அவரால் பார்க்க முடிந்தது. அந்தக் காத்திருப்பும் தவத்தின் ஒரு பகுதியே எனத் தோன்றுகிறது.

1968 நவம்பரில் டார்ஜிலிங் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் தனித்திருந்தபோது, எதிரே நின்ற கஞ்சன்ஜங்கா மலையோடு அவருக்கு ஒரு பிணக்கு. மீண்டும் சில படங்கள் எடுத்தார். கேமரா யாரையும் எதனோடும் ஒப்புரவாக்காது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கருவியின் எல்லையை அதைக் கையாண்டவரே அறிந்திருந்தார்.

அதன்பின் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து, டிசம்பர் தொடக்கத்தில் இலங்கையின் பொலன்னறுவைக்குச் சென்றார். ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடந்து, பாறையில் செதுக்கிய பெரும் புத்தர் சிலைகளை அணுகினார். வாழ்வில் அதுகாறும் காணாத ஒரு தெளிவை அங்கே கண்டதாகக் குறித்திருக்கிறார். உடன் வந்த குருமுதல்வரோ, பிற சமயத்தாரின் இடமாயிற்றே என்று ஒதுங்கி, மரத்தடியில் வழிகாட்டி நூலைப் படித்துக்கொண்டிருந்தாராம். சில நாள்களில், டிசம்பர் 10 அன்று, பாங்காக் அருகே மெர்ட்டன் இறந்தார்.

அந்த மரத்தடியை நினைக்கும்போதெல்லாம் நமக்கு நம் ஆலயங்களே நினைவுக்கு வருகின்றன. எழுந்தேற்றத்தின்போது திரையைப் பார்ப்பவரும் வழிகாட்டி நூலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். கையில் கேமரா இருந்தும் மெர்ட்டன் கண்டார். அது இருப்பதாலேயே நாம் காணத் தவறுகிறோம். எனில் குற்றம் கேமராவினுடையதா?

படம் 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்' என்பதே நம் பேச்சு வழக்கு. கள்வனும் காவலனும் ஆளும் சொற்கள்! கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொள்வதற்கு இவ்விடத்தில் நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. புதுநன்மை நாளில் பங்கின் சார்பில் ஒரே ஒருவர், ஓரிடத்தில் நின்று, பிளாஷ் இன்றிப் படமெடுக்கட்டும். படி எல்லோருக்கும் கிடைக்கட்டும். பெற்றோர் வெறுங்கையோடு முழந்தாளிடட்டும். நினைவுக்கு என்ன செய்வது என்று முணுமுணுப்போர், தங்கள் கைப்பேசியில் சென்ற ஆண்டு விழாப் படங்களைக் கடைசியாக என்று பார்த்தார்கள் எனச் சொல்லட்டும்.

மற்றொன்று, அதே கைப்பேசிகளோடு மறைக்கல்வி மாணவரை ஒரு சனிக்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது. ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு படம், பேச்சு கூடாது. எந்தப் பங்குத்தந்தை முதலில் இதற்கு இசைவார் என்று எதிர்பார்த்திருக்கிறோம்.