வண்டி பழசா, சாலை புதுசா?

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை ஓட்டிச் செல்லுங்கள் என்று அழைக்கும் விளம்பரங்களில் ஒரு சாமர்த்தியம் உண்டு. விற்பது, வாங்குவது என்ற இரண்டு தனித்தனி வியாபாரங்களை ஒரே கையெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். எதில் லாபம், எதில் நஷ்டம் என்று பிரித்துப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் அந்த அழைப்பின் குரல் இன்னும் உரத்துவிட்டது. புது வண்டி விலை குறைந்தது என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். புதியது மலிந்தால் பழையதற்கும் விலை குறையும் என்பதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் சில மாதங்களாக இந்தக் கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். வயது 71. ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் அவரும் மனைவியும், 2005-ல் வாங்கிய ஒரு மாருதி வேனும். நடு சீட்டை மடக்கி மெத்தை விரித்தால் இருவர் படுக்கலாம். ஒரு கூடையில் ஸ்டவ், தண்ணீர் கேன், புளியோதரைத் தூக்கு. நெடுமங்காடு, பாலோடு, தென்மலை, ஆரியங்காவு வழியாகக் குற்றாலம். களியக்காவிளை தாண்டி சுசீந்திரம், கன்னியாகுமரி. ஆண்டுக்கொரு முறை பழனி. மேல்நாட்டார் கேரவன் என்று சொல்வதை அந்தத் தம்பதி பெயர் வைக்காமலே 20 ஆண்டுகளாக நடத்திவந்தார்கள்.

இந்த வண்டி பல நடுத்தரக் குடும்பங்களின் கதைதான். மாருதி 800 காரின் அதே 796 சி.சி. எஞ்சினை முன் சீட்டுக்கு அடியில் பொருத்தி 1984-ல் வந்தது மாருதி வேன். 1988-ல் ஆம்னி என்று பெயர் மாற்றினார்கள். ஆம்னி என்றால் தமிழ்நாட்டில் இரவு பஸ் நினைவுக்கு வரும் என்பதாலோ என்னவோ, நம் ஊர்களில் அது கடைசிவரை மாருதி வேனாகவே இருந்தது. பால், பேப்பர், பள்ளிப் பிள்ளைகள், சபரிமலைக் குழுக்கள், ஆம்புலன்ஸ் என்று அது சுமக்காதது இல்லை. 2019-ல் அதன் உற்பத்தி நின்றது. விற்பனை இல்லாமல் அல்ல. அந்த ஆண்டு அமலுக்கு வந்த மோதல் பாதுகாப்பு விதிகளை அதன் உடலமைப்பால் நிறைவேற்ற முடியாததால். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நண்பருக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் ஆர்.சி. புத்தகம். தனியார் வாகனப் பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. அதன் பிறகு வண்டியை மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டும். 2020-ல் ஒரு முறை நீட்டித்தார். இப்போது இரண்டாவது முறை. கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கேரள அரசு தன் பங்குக்கு, 15 ஆண்டு கடந்த தனியார் வாகனங்களின் வரியை 2025-26 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. பழையதை வைத்திருக்காதே என்று அரசு வாயால் சொல்லவில்லை, ரசீதால் சொல்கிறது.

ஆனால் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. டெல்லியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளைப் படித்துவிட்டு, நாடெங்கும் 15 ஆண்டோடு வண்டிக்கு உயிர் போய்விடுகிறது என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது தலைநகர் வட்டாரத்துக்கான ஏற்பாடு. கரமனைக்கு அது பொருந்தாது. சொல்லப்போனால் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் சட்டம் ஒரே நீதிதான் வைத்திருக்கிறது. 55 வயதைத் தாண்டியவரின் லைசென்சும் ஐந்தைந்து ஆண்டுகளாகத்தான் நீட்டிக்கப்படுகிறது. நண்பரும் வண்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஷோரூமில் அவருக்குச் சொன்ன கணக்கு இது. பழைய வேனுக்கு 55,000. அதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000. ஆக 80,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னேன். பழைய வண்டி தராமல் வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி? வெளியே விற்றால் என்ன கிடைக்கும்? முதல் கேள்விக்குப் பதில் 15,000. இரண்டாவதற்குச் சாலைக் கடைவீதி வியாபாரி ஒருவர் 70,000 தரத் தயாராக இருந்தார். கூட்டினால் 85,000. போனஸ் என்பது பெரும்பாலும் புது வண்டியின் விலையிலிருந்து எடுத்து, பழைய வண்டியின் தலையில் வைக்கிற பூ. அலைச்சலுக்குப் பயந்து 5,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடைக்கக் கொடுத்தால் என்ன என்றும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய பழைய வாகன அழிப்புக் கொள்கையின்படி உடைப்பு மதிப்பு புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம். 6 லட்ச ரூபாய் வண்டி என்றால் 24,000 முதல் 36,000 வரை. பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் மாநிலங்கள் 25 சதவீதம் வரை சலுகை தரலாம். ஓடாத வண்டிக்கு இது நல்ல வழி. ஓடுகிற வண்டிக்கு இதைவிடச் சந்தை மேல்.

விற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்ததும் வண்டி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டுப் பெயர் மாறும் வரை ஆர்.சி.யில் இருப்பவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கண் விழித்திருக்கும் ஏ.ஐ. கேமராக்களும் ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்குத்தான் அபராத நோட்டீஸ் அனுப்பும்.

அடுத்து, வண்டி எப்படி இருக்கிறது? கரமனை மெக்கானிக் எஞ்சினுக்குக் 'குழப்பமில்லை' என்றார். மலையாளத்தில் அதற்குக் கோளாறில்லை என்று பொருள். கடற்காற்றும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள திருவனந்தபுரத்தில் வண்டியைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, துரு. தரைத்தகடு, பக்கக் கதவு ஓடும் தண்டவாளம், பாட்டரி உட்காரும் இடம் ஆகிய மூன்றையும் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் திடமாக இருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. அதையும் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் பராமரிப்புச் செலவு என்று போட்டோம்.

புது வண்டியின் கணக்கைப் பிறகு பார்த்தோம். கையிலிருந்து 6 லட்சம் போகிறது. 10 ஆண்டு கழித்து ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்கு 45,000 தேய்மானம். அந்த 6 லட்சம் வங்கியில் இருந்தால் ஆறரை சதவீதத்தில் 39,000 வட்டி வந்திருக்கும். இன்ஷூரன்ஸ் கூடுதல் 10,000. மொத்தம் 94,000. பழைய வண்டியின் ரிப்பேர் 30,000 மிச்சம் என்று கழித்தால் 64,000. பெட்ரோலும் சர்வீசும் தனி. நண்பர் டைரி எழுதும் பழக்கமுள்ளவர். போன ஆண்டு எத்தனை இரவு வெளியூரில் தங்கினீர்கள் என்று கேட்டேன். புரட்டிப் பார்த்து 14 என்றார். ஆக, ஓர் இரவுக்கு நான்கரை ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. அந்தப் பணத்தில் ஏ.சி. அறையும் கிடைக்கும், வாடகைக் காரும் கிடைக்கும். அந்த 14-ல் வேனில் படுத்தது எத்தனை? டைரியைப் பார்க்காமலே அம்மையார் பதில் சொன்னார்: "மூணு வருஷமா அந்த மெத்தையப் பிரிக்கவே இல்லயே!"

கணக்கோடு நிறுத்தியிருந்தால், பழையதே போதும் என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. அது ரூபாயில் வராது.

2005-ல் அவர் நாகர்கோவிலுக்குப் போன வழி பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று கடைவீதிகளுக்குள் நெளிந்தது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்ட இடமே கிடையாது. எதிரே வருகிறவரும் அதே வேகம்தான். இன்று கழக்கூட்டத்திலிருந்து தமிழக எல்லையை ஒட்டிய காரோடு வரை சுமார் 43 கிலோமீட்டருக்கு பைபாஸ். 2023 ஜூலையில் கேரள அரசு வேக வரம்பைத் திருத்தியபோது கார்களுக்கு நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, ஆறு வழியில் 110 கிலோமீட்டர் என்று அனுமதித்தது. மூக்கே இல்லாத, ஓட்டுபவரின் முழங்காலே முன் பம்பராக இருக்கிற ஒரு வண்டி அந்த வேகங்களுக்கு நடுவே 55-ல் போவது தைரியம் அல்ல. வண்டி மாறவில்லை. அதைச் சுற்றியுள்ள சாலை மாறிவிட்டது. உற்பத்தியை 2019-ல் நிறுத்த வைத்த விதிகள் வேண்டாத சடங்கல்ல என்பது அந்த பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டினால் புரியும்.

அப்படியானால் புதியதை வாங்குவதுதானே என்பீர்கள். புதியது என்பதாலேயே பத்திரம் ஆகிவிடாது. ஆம்னியின் தம்பியாக 2010-ல் வந்த ஈக்கோவை குளோபல் என்கேப் அமைப்பு 2016-ல் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத அந்த மாடலுக்குக் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். டிரைவருக்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் 2019-லும், பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் 2022 ஜனவரியிலும் கட்டாயமாயின. எனவே செகண்ட் ஹேண்டில் 'கொஞ்சம் புதுசு' வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். 2016 மாடலுக்கும் 2022 மாடலுக்கும் இடையே இருப்பது ஆறு வயது வித்தியாசம் மட்டுமல்ல.

பழையதையே கேரவனாக மாற்றிவிடலாம் என்று பிள்ளை தொலைபேசியில் யோசனை சொன்னார். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். 2021 ஆகஸ்டில் கண்ணூரில், யூடியூபில் பிரபலமான இரு சகோதரர்களின் கேரவனைப் போக்குவரத்துத் துறை பறிமுதல் செய்தது. அதைவிடத் துயரமானது, 2024 டிசம்பரில் வடகரையில் நடந்தது. சாலையோரம் நிறுத்திய கேரவனில் தூங்கிய இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. மூடிய வண்டிக்குள் அடுப்பும் எஞ்சினும் தூக்கமும் சேரக் கூடாது.

வண்டியில் தங்கிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கேரளச் சுற்றுலாத் துறை 2021-ல் கேரவன் கொள்கையை அறிவித்து, கேரவன் வாங்கித் தொழில் நடத்துவோருக்கு மானியமும் தந்தது. மூணாறில் 2020-ல் கே.எஸ்.ஆர்.டி.சி. தன் பழைய பஸ்ஸைப் படுக்கை வண்டியாக்கி, ஓர் இரவுக்கு 100 ரூபாய்க்குப் பயணிகளைத் தங்க வைத்தது. ஓடி முடித்த வண்டிக்கு நெடுஞ்சாலை மட்டுமே வேலை அல்ல என்பதற்கு அந்த பஸ் நல்ல சாட்சி.

வாங்குவதற்கு முன் ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். டிரைவரோடு புதிய வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்வந்தார்கள். திரும்பி வந்ததும் அம்மையார் பட்டியல் கொடுத்தார். படுக்கை வேண்டியிருக்கவில்லை. சுத்தமான கழிப்பறை வேண்டியிருந்தது. ஏறி இறங்கத் தாழ்வான படி வேண்டியிருந்தது. ஆரியங்காவு வளைவுகளில் இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தது அவருக்குப் பிடித்திருந்தது. நண்பர் முதலில் கொஞ்சம் சுணங்கினார். பிறகு, தென்மலை அணையை 20 வருடத்தில் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன் என்றார்.

முடிவு இப்படி ஆயிற்று. வேனின் பதிவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அது இனிச் சாலைக் கடைவீதிக்கும், கோயிலுக்கும், டாக்டர் வீட்டுக்கும் மட்டும். பைபாஸில் ஏறாது. 6 லட்சம் வங்கியிலேயே இருக்கிறது. அதன் வட்டி வாடகை வண்டிக்குப் போகிறது. எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தாது. ஆண்டுக்கு 50 இரவு வெளியே சுற்றுகிறவருக்கும், தினமும் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவருக்கும் நானே நல்ல புது வண்டி வாங்குங்கள் என்பேன், கடன் வாங்கியாவது.

எனவே ஷோரூமுக்குள் நுழையும் முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி போன ஆண்டு எத்தனை நாள் ஓடியது? எந்தச் சாலையில் ஓடியது? யார் ஓட்டினார்கள், இன்னும் ஐந்தாண்டுக்கு அவரே ஓட்டுவாரா? வண்டிக்கு எத்தனை வயது என்பது நான்காவது கேள்விதான். விற்பனையாளர் அதைத்தான் முதலில் கேட்பார். அது அவர் தொழில்.