வீட்டுக் கணினியும் சங்கப் பேரேடும்

கணினிக் கல்வியில் பட்டம் பெற்று வீடு திரும்பிய பெண்மக்களும் ஆண்மக்களும் மத்திகிரியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பலர் உளர். சிலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேறு பணியில் அமர்ந்தனர். சிலர் மணமாகிக் குழந்தை வளர்ப்பில் ஈடுபட்டனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலை தேடப் புகும்போது, கற்றது கைநழுவிப் போயிருப்பதைக் கண்டு மனஞ் சோர்கின்றனர். பெங்களூர் சென்று பெருந்தொகை கட்டிப் பயிற்சி பெறுவதே இதற்கு வழி என்பர் சிலர். நாம் அக்கருத்தை ஏற்கவில்லை.

தரவுத்தளம் எனப்படும் கணக்குக் கருவிகளுள் சிறந்தன பல இன்று காசின்றியே கிடைக்கின்றன. ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட் அவற்றுள் ஒன்று. அதன் மீது உரிமை எதுவும் கோராது, அதனைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டனர். நம் கையிலுள்ள தொலைபேசியிலும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. பெர்க்கிலி பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்த போஸ்ட்கிரெஸ் சற்றுப் பெரிய கருவி, பின்னர்ப் பழகலாம். அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினி பழுதின்றிப் பரணில் கிடக்குமாயின், எஸ்கியூலைட்டுக்கு அதுவே போதும்.

ஆகவே கருவிக்குக் குறையில்லை. எதை வைத்துப் பழகுவது என்பதே கேள்வி. பாடநூல்கள் யாரோ ஒரு கம்பெனியின் சிப்பந்திகளையும் அவர்தம் சம்பளத்தையுமே உதாரணம் காட்டுகின்றன. அதில் யாருக்கு ருசி பிறக்கும்? நம் சங்கப் பேரேட்டின் அமைப்பையே பாடமாகக் கொள்க என்கிறோம்.

எல்லைப்புறமாகிய நம் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. ஒரே அங்கத்தினர் பங்குப் பதிவேட்டில் நாகராஜன், நூல் வழங்கல் ஏட்டில் நாகராஜ், கடன் ஏட்டில் நாகராஜப்பா. எழுதியவர் எந்த மொழி பேசினாரோ அந்த மொழிக்கேற்பப் பெயர் மாறியது! எழுத்தருக்கு ஆளைத் தெரியுமாதலால் இதுவரை இடர் நேரவில்லை. கணினிக்கு ஆளைத் தெரியாது; அதற்கு இவர் மூவர். ஒருவர் பெயரில் கடன் நிற்கும், மற்றவர் பெயரில் வரவு நிற்கும். பங்காதாயம் யாருக்கும் போய்ச் சேராது.

இதற்கு மருந்து யாது? அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, பெயரை ஒரே அட்டவணையில் மட்டும் எழுதி, ஏனைய அட்டவணைகளில் அவ்வெண்ணை மட்டும் குறிப்பதே. எட்கர் காட் என்பவர் 1970-இல் வகுத்த முறையின் சாரம் இதனுள் அடங்கும். இருபது கற்பனை அங்கத்தினரை வைத்து இதனை வீட்டிலேயே அமைத்துப் பார்க்கலாம். நூல் பெற்றும் துணி ஒப்படைக்காதவர் யார், பட்டுக்கூடு எடை போட்டும் பணம் பெறாதவர் யார் என வினவிப் பார்க்கலாம். ஓர் அட்டவணையில் இருந்து மற்றொன்றில் இல்லாதவரைப் பிரித்தெடுக்கும் இவ்வினாவில்தான் பழக்கம் விட்டுப்போனவர் பெரும்பாலும் தடுமாறுவர். சமையலும் பிள்ளைகளும் போக நாளொன்றுக்கு ஒரு மணி கிடைத்தாலும் சில வாரங்களில் கை திரும்பிவிடும்.

கற்பனை அங்கத்தினர் என்று நாம் கூறியது காரணத்தோடுதான். உண்மையான வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் எவர் வீட்டுக் கணினிக்கும் செல்லலாகாது. இதில் சங்கம் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மென்பொருள் மேலிடத்திலிருந்து வந்துவிடும். மூன்று நாகராஜன்களையும் ஒருவராக்கும் வேலையை மேலிடம் செய்யாது. ஊராரை அறிந்தவரே செய்ய இயலும். வெளியூர் ஒப்பந்தக்காரர் இதனை நாட்கூலிக்குத் தட்டெழுதிச் சென்றால், தவறு நம் ஏட்டில் நிலைத்துவிடும். தம் பணத்துக்காக அலையப்போகிறவர் நம் அங்கத்தினரே.

எனவே வீட்டில் பழகித் தேர்ந்தவரைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்து, காரியதரிசியின் முன்னிலையில் பழைய ஏடுகளைச் சரிபார்க்கும் பணியை அவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். உரிய ஊதியமும் கொடுத்தல் வேண்டும். "நம்ம ஊர்ப் பெண்தானே, சும்மா செய்து தரட்டும்" என்னும் பேச்சு இப்போதே நம் காதில் விழுகிறது. நெய்த துணிக்குக் கூலி கேட்கும் நாம் அப்படிப் பேசுதல் தகாது. முதலில் நூல் வழங்கல் ஏட்டை எடுத்துக்கொள்ளலாம். பெயர்க் குழப்பம் அதில்தான் மிகுதி.