மரம் உருண்ட மலையில் ஒரு நாள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தாயாரின் நெடுநாள் நேர்த்திக்கடனைச் செலுத்தப் பழநிக்குப் போயிருந்தோம். முருகனைத் தரிசித்த மறுநாள், எங்களுக்குக் கார் ஓட்டிய தம்பி, "பொள்ளாச்சி கிட்டத்துலதான் சார் இருக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு டாப்சிலிப் பார்க்காமப் போகாதீங்க" என்றார்.

"அங்க என்னப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"காடும் யானையும் இருக்கும்மா."

"அது நான் பார்க்காததா?" என்று அம்மா சிரித்தார். 36 ஆண்டுகள் விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போனவர் அல்லவா? இருந்தாலும் புறப்பட்டுவிட்டார்.

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஆனைமலை ஊரைக் கடந்து சேத்துமடைக்கு வந்தால் வனத்துறையின் சோதனைச்சாவடி. அதன்பின் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. இருபுறமும் தேக்கும் மூங்கிலும் அடர்ந்து நிற்கின்றன. மேலே போய்ச் சேர்ந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு பசும்புல்வெளி. அதிலே புள்ளிமான்கள் நம் தோட்டத்து ஆடுகளைப் போல் அச்சமின்றி மேய்கின்றன. சுற்றிலும் நீலம் படர்ந்த மலைகள்.

இவ்வளவு அழகான இடத்துக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயருக்குள்தான் கதையே இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்த மலைகளின் தேக்கு மரங்களை வெட்டி, யானைகளைக் கொண்டு மலை விளிம்புக்கு இழுத்து வந்து, அங்கிருந்து கீழே சறுக்கி விட்டார்கள். மலையுச்சியில் மரம் சறுக்கிவிடும் இடம் என்பதால் டாப்சிலிப். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்த மரங்கள் பிறகு சமவெளிக்குப் போயின. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னர் இரயில் பாதைகள் பெருகியபோது தண்டவாளக் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்டது.

மலையின் மறுபுறம் கொச்சி அரசின் பரம்பிக்குளம் காடு. அங்கே மரம் ஏற்றி இறக்குவதற்கென்றே சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குச் சிறு இரயில் பாதை போட்டார்கள். 1907 முதல் ஓடிய அது 1963இல் மூடப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் இயந்திரமே இல்லாமல் வேலை நடந்ததாம். மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தால் கீழே இறங்கும்போது, கம்பியின் மறுமுனையில் கட்டியிருக்கும் வெற்று வண்டி தானாக மேலே ஏறும். நம் ஊர்க் கிணற்று இராட்டினத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

இப்படி வெட்டிக்கொண்டே போனால் மலை என்ன ஆகும்? பல பகுதிகள் மொட்டையாகிவிட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே வந்த ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி அதைக் கண்டு வருந்தினார். மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் தேக்கு மீண்டும் துளிர்க்கும் என்பதை அறிந்து, அந்த முறையைக் கொண்டுவந்தார். வெறுமையான இடங்களில் புதிதாகத் தேக்கு வளர்த்தார். நடக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் தேக்கு விதைகளை வைத்திருப்பாராம். கைத்தடியின் கூர்முனையால் தரையைக் குத்தி, குழியில் ஒரு விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். இன்றும் அவ்வூரார் இதைச் சொல்கிறார்கள்.

1933இல் குன்னூரில் காலமான அவர், தம் விருப்பப்படியே இந்த மலையில் தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறையைப் பார்த்தோம். நினைவுச்சின்னம் தேடுகிறவர்கள் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் இலத்தீன் மொழியில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். நான் அதை விளக்கிச் சொன்னேன். அம்மா அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா தம்பி, இத்தனை மரத்துக்கும் குழி வெட்டுனது இந்தத் துரை ஒருத்தரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்த மலைகளில் காடர், மலசர், முதுவர், புலையர் முதலிய மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். மரம் வெட்டிய காலத்தில் யானைகளை நடத்தியவர்களிலும், காட்டு வேலை செய்தவர்களிலும் இவர்கள் உண்டு. இன்றும் மலசர் குடும்பத்தினர் பலர் யானைப் பாகர்களாக இருக்கிறார்கள். மரத்தை வெட்டிய கைகளே பிறகு கன்றையும் நட்டன. ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயரைத் தாங்கிய கல் எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

இப்போது அங்கே மரம் உருட்டும் வேலை இல்லை. 1976இல் அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேக்கை மட்டுமே வரிசையாக நட்ட காடு, பலவகை மரங்கள் கலந்த இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மையே. செம்பனை மட்டுமே நிற்கும் தோட்டத்தில் வாழும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாலையில் வனத்துறை வண்டியில் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனோம். அங்கே ஒரு பாகர், கலீம் என்ற யானையைப் பற்றிச் சொன்னார். 1972இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்ட யானை அது. ஊருக்குள் புகுந்த காட்டு யானைகளை அடக்கும் பணியில் 99 முறை ஈடுபட்டது. 2023 மார்ச்சில், 60 வயதில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். வனத்துறையினர் சீருடையில் வரிசையாக நின்று வணக்கம் செலுத்தி அதை வழியனுப்பினார்களாம்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கட்டும். உழைச்ச உயிரு. எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அதுவும் ரெண்டு வருஷத்துல நின்னு போச்சு."

நானும் சிரித்தேன். ஆனால் தங்குமிடம் திரும்பும்வரை அந்தப் பேச்சு என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அம்மா இருட்டிலே வெளியே பார்த்தபடி தானாகவே பேசிக்கொண்டு வந்தார். "நம்ம தோட்டத்துல 12ஆம் நம்பர் காட்டுக்குக் குழி வெட்டுனது நானும் உங்கப்பாவும்தான். அப்ப நீ வயித்துல இருந்தே. வெயில்ல மயக்கம் வந்துரும். கங்காணி கொஞ்சம் நல்லவரு, நிழல்ல உக்காரச் சொல்லுவாரு."

அந்த ஆண்டு நட்ட பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. நான் அதே தோட்டத்தில் பிறந்து, பயிற்சி பெற்று, ஆசிரியராகி, இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 12ஆம் நம்பரை நட்டவர் என் தாய் என்பதை மட்டும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரவேண்டும். எந்த நிலத்தைத் திருத்தினீர்கள்? என்ன நட்டீர்கள்? கூட வேலை செய்தவர்கள் யார் யார்? ஒரு மாணவி எட்டுப் பக்கம் எழுதி வந்தாள். அவளுடைய பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் தம்மோடு ஒரே நிறையில் வேலை செய்த 14 பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்பர்களே, நம்முடைய தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகிக் கொண்டிருக்கின்றன. லயங்கள் போய்விட்டால் அங்கே நம்மவர் வாழ்ந்ததற்கு அடையாளம் ஏது? கல்லில் பெயர் பொறிக்க நம்மிடம் வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்க முடியாதா? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்று மாலை தேநீர் குடித்துக்கொண்டு ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளை அருகில் உட்காரச் சொல்லுங்கள், கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

என் தாயார் சொல்லச் சொல்ல நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 12ஆம் நம்பர் காடு. அதன் கீழே அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும்.